நாவல் மரத்து வளைவில் ஒரு மறியல்

“…மரத்தக் கேட்ட, உட்டுக் குடுத்தோம். இப்ப எடத்தையும் கேக்கற. ஒரு குருவிக்காவ ரோட்ட உட்டுட்டு எறங்கி வந்தியான்னு நாளைக்கு ஊர்ல நாலு பேரு கேட்டா நான் இன்னா சொல்றது? அதையும் நீயே சொல்லிக் குடுத்துட்டுப் போ, கார்டு” என்றார் ராஜவேலு அண்ணன்.

கச்சிராயபாளையத்திலிருந்து மேலே ஏறும் மலைச்சாலையில், ஒரு வளைவில் நின்றுகொண்டு கேட்ட கேள்வி இது. சுற்றிலும் அவர் ஊர் ஆண்கள். சாலைக்குக் குறுக்கே ஒரு மரம் கிடந்தது. தூறல் விடவில்லை. அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒரு பதில் வேண்டியிருந்தது.

வனக்காப்பாளராகப் புதிதாகக் காக்கி போட்டு வந்திருக்கும் பிள்ளைகளே, பயிற்சியில் உங்களுக்கு மரம் அளக்கவும் தீ பரவாமல் கோடு வெட்டவும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நீங்கள் பட்டம் வாங்கியவர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். மற்றதெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், டீ குடிக்கும்போதும், வாட்சர்களோடு நடக்கும்போதும் மனிதர்கள் பேசக் கேட்டுச் சேர்த்துக்கொண்டது. பறவையின் பெயர்கூட அப்படி வந்ததுதான். புத்தகம் பிறகு வந்தது.

பயிற்சியில் சொல்லித் தராத ஒன்றைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. நம் எதிரில் நிற்கிறவர் கெட்டவராக இல்லாதபோது என்ன செய்வது? சந்தனக்கட்டை வெட்டுகிறவன் எதிரில் நின்றால் பயம் இருக்குமே தவிர குழப்பம் இருக்காது. அவனைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நல்ல மனிதர் ஒருவர், தன் பக்கத்தில் நியாயத்தோடு, நீங்கள் காப்பாற்ற வேண்டிய இடத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டால்? என் பணிக்காலத்தில் அதுதான் என்னை அதிகம் வியர்க்க வைத்தது.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொந்தளித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மறியல் என்று அறிவித்துவிட்டால் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பஸ்ஸும் நகராது. சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் தலையில் மூட்டையோடு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சாலையோரத்து மரத்தை வெட்டிக் குறுக்கே போடுவதுதான் அந்தப் போராட்டத்தின் வழி. சில ஊர்களில் மனித உயிரும் போயிற்று. அதைக் கதையோடு கதையாகச் சொல்லிக் கடந்து போக எனக்கு மனம் வராது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். எந்த ஊர் எல்லையில் சாலை ஓடுகிறதோ அந்த ஊர்தான் அந்தத் துண்டுக்குப் பொறுப்பு. பக்கத்து ஊர் ஆள் வந்து மறிக்க மாட்டான். உன் எல்லையில் ஒரு வண்டி கடந்துவிட்டால் உன் ஊருக்குத்தான் தலைகுனிவு. கல்யாணத்தில், சந்தையில், எங்கே போனாலும் சொல்லிக் காட்டுவார்கள். மலையடிவாரத்து ஊருக்கு வாய்த்த துண்டு இந்த மலைச்சாலை. அதற்குப் பொறுப்பாக ஊர் நிறுத்திய ஆள் ராஜவேலு அண்ணன்.

அவர் குத்தகை நிலத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தவர். எனக்கு மூன்று நான்கு வயது மூத்தவர். நான் அதே ஊரின் காலனிப் பிள்ளை. என் அப்பா அவர்கள் நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர். எனக்கு வேலை வந்தபிறகு ராஜவேலு அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘கார்டு’ என்பார். அதில் பாதி கேலி, பாதி மரியாதை. எந்த நாளில் எந்தப் பாதி தூக்கலாக இருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டீக்கடையில் எனக்கு முதலில் டீ சொல்லுவார். ஆனால் பெஞ்சில் பக்கத்தில் உட்காரச் சொன்னதில்லை. அப்படியான சிநேகம் எங்களுடையது. அதையும் சிநேகம் என்றுதான் சொல்லுவேன்.

அவர்கள் கேட்டதில் நியாயமில்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு உத்தியோகம் வந்ததே அப்படி ஒரு வாசல் வழியாகத்தான். அவர் தம்பி நன்றாகப் படித்துவிட்டு வீட்டில் இருந்தான். “மார்க்கு இருக்குது, வேலதான் இல்ல. மார்க்க எடுத்து மரவள்ளிக்கு ஒரமா போடலாம்னா அதுக்கும் ஆவாது” என்பார் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது.

இனி அந்த வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாலை போடும்போது மலையை வெட்டியதில் ஒரு பக்கம் செம்மண் கரை செங்குத்தாக நின்றது. மறுபக்கம் பள்ளம், அதன் அடியில் ஓடை. கரையின் உச்சியில் ஒரு பெரிய நாவல் மரம். அதன் வேர்கள்தான் அந்த மண்ணைச் சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தன. வேர்களுக்குக் கீழே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கோழிமுட்டை நுழையுமளவுக்கு ஒரு துளை. சாலையில் போகிறவர்கள் எலி வளை என்று நினைத்துவிட்டுப் போவார்கள்.

அதற்குள் ஒரு குள்ள மீன்கொத்தி ஜோடி குடியிருந்தது.

ஏரிக்கரைக் கம்பியில் உட்கார்ந்திருக்கிற மீன்கொத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இது அது இல்லை. காட்டுக்குள், நிழலான ஓடைகளில் வாழ்கிற இனம். ஊர்க்குருவி அளவுதான். அலகும் காலும் பவழச் சிவப்பு. வயிறு நல்ல மஞ்சள். முதுகில் கருநீலம். தலையில் கொஞ்சம் வெயில் பட்டால் ஊதா மின்னும். முதன்முதலில் வேறோர் ஓடையில் அதை எனக்குக் காட்டிய வாட்சர், “கல்யாணத்துக்குப் போறாப்புல உடுத்திக்கினு தவள புடிக்கப் போவுது பாருங்க” என்றார். அதைவிட நல்ல வர்ணனையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பெயர்தான் மீன்கொத்தி. காட்டுக்குள் அதற்கு அரணை, பல்லி, தவளை, சின்ன நண்டு எல்லாம் சாப்பாடு. மேற்கு மலைகளில்தான் அது அதிகம். நம் கல்வராயன் மலையில் எப்போதாவது கண்ணில் படும். அதுவும் கூடு வைத்துப் பார்ப்பது பெரிய அதிர்ஷ்டம்.

மழைக்காலத்தில்தான் அது கூடு வைக்கும். மண் ஈரமாக இருந்தால்தானே அந்தச் சின்ன அலகால் குடைய முடியும்? ஆகவே இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சாலையோரக் கரையைச் சமன் செய்கிறேன், செதுக்குகிறேன் என்று யார் மண்வெட்டியோடு வந்தாலும், முதலில் நீங்கள் போய்க் கரையைப் பாருங்கள். துளைக்குக் கீழே வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது. மண்வெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். பறவையைக் காப்பாற்றுவது என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். நிறுத்தி வைப்பது, தள்ளி நிற்பது, வெளியே சொல்லாமல் இருப்பது.

நானும் யாரிடமும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். எச்சம் வழிய ஆரம்பித்திருந்தது.

மறியல் அன்று காலை நான் வளைவுக்குப் போனபோது கோடாலிகளோடு ஊர் வந்து நின்றுவிட்டிருந்தது. ராஜவேலு அண்ணன் அண்ணாந்து நாவல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவரைக் குறை சொல்லவே முடியாது. ஒரு பக்கம் கரை, மறுபக்கம் பள்ளம். நடுவில் ஒரு மரம் விழுந்தால் சைக்கிள்கூடச் சுற்றிப் போக வழியில்லை. வண்டியை மறித்துச் சோதனை போடுகிற போலீஸ்காரனும் இந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பான்.

“வா கார்டு. சட்டம் பேச வந்தியா, சும்மா பாக்க வந்தியா?” என்றார்.

“ரெண்டும் இல்லண்ணே.”

“அப்ப ஓரமா நில்லு. மரம் உழுவும்போது காக்கிய பாத்து உழாது.”

தாண்டவராயன் என்று ஒருவர், அண்ணனுக்குப் பங்காளி முறை, கூட்டத்திலேயே பெரிய வாய் அவருக்குத்தான். “கேஸ் எழுத பேப்பர் கொண்டாந்தீங்களா கார்டு? எல்லார் பேரும் எழுதணும்னா பத்தாது” என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பெரிய கூட்டத்துக்கு எதிரில் ஒற்றை ஆளாக நிற்கும்போது சட்டம் பேசாதீர்கள். அவர்கள் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருப்பார்கள். அதற்குப் பதிலும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். நான் அண்ணனிடம் மண்ணைப் பற்றிப் பேசினேன். நாவல் விழுந்தால் வேரோடு கரையும் வரும், கரை வந்தால் சாலையே பள்ளத்துக்குள் போய்விடும், அப்புறம் போராட்டம் முடிந்தும் உங்கள் மரவள்ளி அறுவடைக்கு மேல்காட்டிலிருந்து வண்டி இறங்காது என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பிறகு, சற்று மேலே பட்டுப்போய் நின்ற வாகை ஒன்றைக் காட்டினேன். அது விழுந்தாலும் சாலை அடைபடும். எப்படியும் அடுத்த காற்றுக்கு விழ வேண்டிய மரம்.

வனத்துறைக்காரன் ஒருவன் மறியல்காரர்களுக்கு மரம் காட்டிக் கொடுக்கலாமா? இந்தக் கேள்வியை இரண்டு ரேஞ்சர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் கூடவே கூடாது என்றார். இன்னொருவர் டீயை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, “என்னிடம் கேட்டதாக யாரிடமும் சொல்லாதே” என்றார். உங்கள் காலத்தில் உங்கள் முடிவு உங்களுடையது.

வாகை விழுந்தது. சாலை அடைபட்டது. நாவல் நின்றது. “கார்டே மரம் காட்டிக் குடுத்துட்டாரு. இனிமே அவரும் நம்ம கட்சி” என்றார் தாண்டவராயன். எனக்குப் பீடிகூட நீட்டினார்கள். ஒரு கல்லில் உட்கார்ந்து, பெரிய காரியம் சாதித்த திருப்தியோடு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்தச் சீழ்க்கை கேட்டது. மெல்லிய, கூர்மையான ஒற்றைக் குரல். நிமிர்ந்து பார்த்தேன். கரைக்கு எதிரில், பள்ளத்து ஓரத்து உண்ணிச்செடிக் கிளையில் அது உட்கார்ந்திருந்தது. அலகில் ஒரு சின்ன அரணை. நேராகப் பறந்தால் இரண்டு சிறகடிப்பில் பொந்து. ஆனால் நடுவில் ஊர் உட்கார்ந்திருந்தது. அடுப்பு மூட்டப் பார்க்கிறவர்கள், கோஷம் போடுகிறவர்கள், கரையிலேயே முதுகு சாய்த்துக் கண்ணயர்ந்தவர்கள். அது தலையை மேலும் கீழும் ஆட்டியது. பறக்க எழுந்தது. பாதியிலேயே திரும்பி வந்து உட்கார்ந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மரத்தைக் காப்பாற்றியிருந்தேன். பொந்தைக் காப்பாற்றியிருந்தேன். பொந்துக்குப் போகிற வழியை நினைத்தே பார்க்கவில்லை. மறியல் என்பது மரம் மட்டும் இல்லையே. விழுந்த மரத்துக்குக் காவல் இருக்க வேண்டும், இல்லையென்றால் போலீஸ் வந்து அறுத்துப் போட்டுவிடும். அன்று முழுக்க, ராத்திரி முழுக்க, எத்தனை நாள் போராட்டமோ அத்தனை நாளும் ஊர் அங்கேதான் இருக்கும். அதுவரை உள்ளே இருக்கிற குஞ்சுகள் என்ன தின்னும்? மழை நாளில் இறகு முளைக்காத குஞ்சு எத்தனை நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாள் கணக்கில் தாங்காது என்று தெரியும்.

கரையில் சாய்ந்திருந்தவர்களை மறுபக்கம் உட்காரச் சொன்னேன். மண் சரியும் என்று காரணம் சொன்னேன். நல்ல மாதிரியாக எழுந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் மழை சாரலடித்தது, எல்லோரும் கரைக்கே திரும்பி வந்துவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? அங்கேதான் நனையாத இடம் இருந்தது. பறவை அரணையோடு அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஒருவரிடம் ஒரு தடவை கேட்டு வாங்கிவிடலாம். விட்டுக் கொடுத்தவரிடமே போய் இரண்டாவது தடவை கேட்பதுதான் கஷ்டம். கால் நகராது. நகர்த்திக்கொண்டு போனேன். அண்ணனைத் தனியாகப் பள்ளத்து ஓரத்துக்குக் கூப்பிட்டு, கையை நீட்டாமல், கண்ணால் காட்டினேன்.

அவர் பார்க்க நேரமாயிற்று. பார்த்ததும், “அடடே” என்றார். “இன்னா கலருடா சாமி. இத்தினி நாளு எங்க இருந்துச்சு இது?”

“உங்க ஊரு எல்லையிலதாண்ணே. அந்தக் கரையில பொந்து.”

“வாயில இன்னா?”

“அரணை.”

“புடிச்சத முழுங்காம இன்னாத்துக்கு வெச்சிக்கினு குந்தினு கீது?”

அரணையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். தான் தின்பதென்றால் மீன்கொத்தி இரையின் தலையைத் தன் தொண்டைப் பக்கம் திருப்பிக்கொள்ளும். இந்த அரணையின் தலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. குஞ்சின் வாயில் தலை முதலில் போக வேண்டும், அப்போதுதான் செதில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். “அது அதுக்கு இல்லண்ணே. உள்ள இருக்கறதுங்களுக்கு” என்றேன்.

அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே சாய்ந்திருந்தவர்களைப் பார்த்தார். மறுபடி பறவையைப் பார்த்தார். “நம்மளாலயா?” என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன். கீழே ஒரு பர்லாங்கில் இருக்கும் சின்னப் பாலத்தில் போய் மறித்தால் என்ன என்று கேட்டேன். போலீஸ் கீழேயிருந்துதான் வர வேண்டும். பாலத்தில் நிறுத்திவிட்டால் மேலே கிடக்கும் மரத்துக்கும் தனிக்காவல் வேண்டாம்.

நாங்கள் பேசுவதைப் பார்த்துவிட்டுக் கூட்டம் நெருங்கி வந்தது. விஷயம் பரவியது. தாண்டவராயன் தொடையைத் தட்டிக்கொண்டார்.

“மனுசனுக்கு எடம் கேட்டு நாம குந்தினு கீறோம். இவரு மீங்கொத்திக்கு எடம் கேட்டு வந்துட்டாரு. அதுக்கு எத்தினி பர்சென்ட்டு வேணுமாம், கேட்டு சொல்லுங்க கார்டு.”

வளைவே சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வார்த்தையை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். கேலி செய்கிறவன் மேல் கோபம் வந்துவிட்டால் நம் வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் சிரிப்பு அடங்கியதும் தாண்டவராயன் சொன்னது வேறு.

“சரி, பாலத்துக்குப் போறோம்னே வெச்சிக்கங்க. அங்க மரம் ஏது? எத்த வெச்சி மறிக்கிறது, எங்க முதுகையா? மரத்த லட்டியால அடிச்சா லட்டிதான் ஒடையும். எங்கள அடிச்சா நீங்க வந்து வாங்கிக்குவீங்களா?”

அவர் சொன்னது சரி. கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ ஒருவர், முகம் தெரியவில்லை, “காக்கிச் சட்ட மாட்டிக்கினா யாரு பேச்ச வேணும்னாலும் கேக்கணுமா?” என்றார். அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அவர் முகம் இறுகியது. மரத்தை விட்டுக்கொடுத்தது வேறு. ஊர் நிறுத்திய இடத்திலிருந்து, காலனிப் பிள்ளை ஒருவன் கேட்டான் என்று இறங்கிப் போவது வேறு.

அந்த நேரத்தில்தான் சாப்பாட்டு வண்டி வந்தது. அண்ணனின் சொந்த வண்டி. அவர் மனைவி செல்லம்மா அண்ணிதான் ஓட்டிக்கொண்டு வந்தார். ஊரிலிருந்து குண்டான்களில் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். விழுந்த மரத்துக்கு முன்னால் மாடுகளை நிறுத்திவிட்டு, சோற்றுக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து நின்றார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் அந்த வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலம் ராஜவேலு அண்ணனுக்குக் குத்தகை. வீடு அண்ணன் தம்பிகளுக்குப் பொது. தனக்கே தனக்கென்று அவர் சொல்லிக்கொள்ள முடிந்தது அந்த வண்டியும் மாடுகளும்தான். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்குப் போவது அதில்தான். தியாகதுருகம் பக்கம் எங்கோ சாலையில் குறுக்கே விட்ட வண்டிகளைப் போலீஸ்காரர்கள் உடைத்துப் போட்டுவிட்டார்களாம் என்று முந்தின நாள் பேச்சு அடிபட்டதிலிருந்து, ஊரில் எவரும் வண்டியை மறியல் பக்கமே கொண்டுவரவில்லை. சோற்றை இறக்கியதும் திருப்பி ஓட்டிவிட வேண்டும் என்று அண்ணன் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். மரத்தைக் கேட்டாய், கொடுத்தோம். இப்போது இடத்தையும் கேட்கிறாய். ஊரில் கேட்டால் நான் என்ன சொல்வது?

எனக்குத் தெரிந்த பதில்கள் எல்லாம் மனதில் வந்துபோயின. அரசாங்கத்துச் சொத்து என்று சொல்லலாம். பாவம் புண்ணியம் பேசலாம். மேலதிகாரியைச் சொல்லி மிரட்டலாம். இந்த மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும் அவர் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஊர் கேட்கப் போவது அவரை, என்னை இல்லை. அவர் சுமக்க வேண்டியதற்கு நான் லேசாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதை இல்லை.

“தெரியலண்ணே” என்றேன். “எனக்குச் சொல்லத் தெரியல. கேக்கத்தான் தெரிஞ்சுது.”

செல்லம்மா அண்ணி குண்டானை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“சோத்த வெச்சிக்கினு நான் எவ்ளோ நேரம்தான் நிக்கிறது? ஆளாளுக்குப் பேசிக்கினே கீறீங்க. கை கடுக்குது” என்றார். பிறகு கணவரைப் பார்த்து, “ஊர்ல கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன். நீ இன்னா செய்யணுமோ செய்.”

ராஜவேலு அண்ணன் அவரிடமிருந்து குண்டானை வாங்கினார். சாப்பிடத்தான் போகிறார்கள் என்று எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் குண்டானைத் திரும்ப வண்டியிலேயே ஏற்றினார். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டியைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினார். இறங்கி நடந்தார். சோறு போகிற பக்கம் ஊர் போயிற்று. தாண்டவராயன் கடைசியாக, “வவுத்த காட்டி இட்டுக்கினு போறான்யா” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அவரும் போனார்.

நான் மட்டும் வளைவில் நின்றேன். அங்கேயும் நிற்கக் கூடாது என்று உடனே நினைவு வந்தது. விழுந்த வாகைக்குப் பின்னால் போய், கிளைகளுக்குள் குந்திக்கொண்டேன். சாலை காலியாகக் கிடந்தது. அணைந்த அடுப்பிலிருந்து கொஞ்சம் புகை. உண்ணிச்செடியில் அது இன்னும் இருந்தது. தலையை ஆட்டியது. எழுந்தது, திரும்பியது. எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தபோது மஞ்சளாக ஒரு கோடு சாலையைக் கடந்தது. பொந்துக்குள் மறைந்தது. வெளியே வரும்போது அலகு காலி. பள்ளத்துக்குள் விழுந்து போயிற்று. கொஞ்ச நேரத்தில் ஜோடியின் இன்னொன்று எங்கிருந்தோ வந்தது. அதன் வாயில் ஒரு தவளைக்குஞ்சு. அது தயங்கக்கூட இல்லை.

எழுந்து ஓட்டமும் நடையுமாகக் கீழே இறங்கினேன். அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும்தான் நினைப்பு.

பாலத்தில் குண்டான்கள் கைப்பிடிச் சுவரின் மேல் இருந்தன. மாடுகள் அவிழ்த்துவிடப்பட்டு ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஊர் சாப்பிடாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி பாலத்துக்குக் குறுக்கே, சுவருக்குச் சுவர், நின்றது. ஒரு சக்கரம் கழற்றப்பட்டுத் தரையில் படுத்துக் கிடந்தது. யாரும் உருட்டித் தள்ள முடியாதபடி அந்தப் பக்கத்து அச்சு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. ராஜவேலு அண்ணன் கையில் சுத்தியலோடு மறு சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார்.

“உள்ள போச்சா?” என்று கேட்டார்.

“போச்சுண்ணே. ரெண்டும்.”

அவர் தலையசைத்தார். சுத்தியலால் கடையாணியை அடித்துக் கழற்றினார். அதைத் துடைத்து, முதல் ஆணியோடு சேர்த்து வேட்டி மடிப்பில் சுருட்டிச் செருகிக்கொண்டார். பிறகு தாண்டவராயனைப் பார்த்து, தூக்கிப் பிடி என்று கையைக் காட்டிவிட்டு, இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்து இழுத்தார்.